ஒற்றை விசிலுக்கு நிற்கும் பஸ்

வாய் வலிக்கப் பேசிச் சம்பளம் வாங்கிய வாத்தியார்கள் உலகத்தில் எத்தனையோ பேர். வாயே திறக்காமல், ஒரே ஒரு விசிலை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு நெடுஞ்சாலையையும் சேர்த்து ஆட்டிவைத்தவர் எங்கள் விசிலு சார் ஒருவர்தான்.

பந்தல்குடிக்குப் பக்கத்தில், தூத்துக்குடி ரோட்டை ஒட்டி இருந்தது எங்கள் உயர்நிலைப்பள்ளி. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பத்தாவது படித்தோம். சார் அங்கே டிரில் மாஸ்டர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரரே "விசிலு சார் வீடு" என்று கேட்டுத்தான் வருவார்.

ஒரு நீள விசில் அடித்தால் நில். இரண்டு சின்ன விசில் அடித்தால் போ. குர்ர்ர் என்று உருட்டினால் சட்டைப் பித்தானைப் போடு. வீட்டிலும் இதே பாஷைதான். வாசலில் உட்கார்ந்து காபிக்கு ஒரு விசில் கொடுப்பார். அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து கரண்டியால் சட்டியைத் தட்டுவார். ஒரு தட்டு தட்டினால் காபி வருகிறது, இரண்டு தட்டினால் பால் இல்லை. அந்த வீட்டில் சண்டை நடந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

வம்பு வந்தது பஸ்ஸால். எங்கள் மைதானத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது, கொஞ்சம் கருவேல முள்தான். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். சார் விசிலோ கண்டக்டர் விசிலைவிடச் சத்தமானது. ஒருநாள் "நில்" என்று எங்களுக்கு அவர் ஊத, அருப்புக்கோட்டை போகிற பஸ் நடு ரோட்டில் கிறீச்சென்று நின்றது.

"யாருய்யா விசிலு அடிச்சது?" என்றார் கண்டக்டர்.

"நீதான்யா அடிச்சே!" என்றார் டிரைவர்.

"நான் டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்டுக்கிட்டு இருக்கேன்யா! எனக்கென்ன ரெண்டு வாயா?"

அடுத்த வாரம் இதைவிட மோசம். பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஒரு அம்மா முள்ளங்கிக் கூடையைப் படியில் ஏற்றிவிட்டு, தான் ஏறுவதற்குள் சார் இரண்டு விசில் அடித்துவிட்டார். கூடை டவுனுக்குப் போனது. அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்குள் வந்தார். அவர் திட்டியதில் பாதி வார்த்தை எங்களுக்கே புதுசு.

கண்டக்டர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ஹெச்.எம்., விசிலு சாரைக் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா உங்கள எங்கிட்டாவது தூரமா மாத்திருவாக சார். என்னால தடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். சார் அப்போதுதான் பந்தல்குடியில் வீடு கட்டி, பூச்சு வேலை பாக்கி நின்றது. ஆடிப்போய்விட்டார் மனுஷன்.

அதிலிருந்து பஸ் கண்ணில் பட்டாலே விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். நாங்கள் தூக்கிய கையோடு அப்படியே நிற்போம். டிரில் கசந்தபோதெல்லாம் எங்கள் வகுப்புச் சேவியர் "சார், பஸ்ஸு!" என்று கத்துவான். அவர் பதறி விசிலை ஒளிப்பார். வெறும் ரோட்டில் ஒரு கோழி போகும்.

இந்தச் சேவியர் ஏற்கெனவே ஒருமுறை பத்தாவதில் பெயிலானவன். "இன்னொரு தடவ பெயிலானா தறிதான்டா" என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். பொதுத்தேர்வு அருப்புக்கோட்டையில். கணக்குப் பரீட்சை அன்று நாங்கள் ரோட்டோரம் நிற்க, சந்தைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் நிற்காமலே போனது. அடுத்ததும் அப்படியே. கைகாட்டிய லாரிக்காரன் டாட்டா காட்டிவிட்டுப் போனான். சேவியர் மைல்கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

சார் சைக்கிளில் வந்து இறங்கினார். "ஏன்ல இன்னும் இங்ஙனயே நிக்கிறீக?" என்று வாயைத் திறந்தே கேட்டார். அவர் குரல் அவ்வளவு மெலிசு என்று அன்றுதான் தெரியும்.

தூரத்தில் இன்னொரு பஸ். இதை விட்டால் பரீட்சை இல்லை. சாரின் கை சட்டைப்பைக்குப் போனது. பள்ளிக்கூட வாசலிலிருந்து ஹெச்.எம். ஓடிவந்தார். "சார்! வேணாம் சார்! சொன்னாக் கேளுங்க!"

சார் சேவியரைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். ஒரே விசில். பஸ் எங்கள் மூக்கருகே வந்து நின்றது.

இறங்கிவந்தது அதே கண்டக்டர். "யோவ் வாத்தியாரே! ஒன்னைய இந்தத் தடவ விடப்போறதில்லய்யா!"

"எழுதிப் போடுங்க, நல்லா எழுதிப் போடுங்க. பிள்ளைகளுக்குப் பரீட்சை."

"நிக்கவே எடமில்ல! எறங்குங்கடா எல்லாரும்!"

நாங்கள் அதற்குள் ஜன்னல் வழியாகவும் ஏணி வழியாகவும் ஏறிவிட்டோம். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிதானமாக இரண்டு விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர் ரோட்டிலேயே நின்றார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகுதான் டிரைவர் கண்டக்டரைத் தேடினார்.

நாங்கள் பரீட்சை எழுதினோம். சாருக்கு மாற்றல் வந்தது, திருச்சுழிக்கும் அந்தப்பக்கம். பூசாத வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய அன்று, "அங்கிட்டு ஒரு நாளைக்கு ரெண்டே பஸ்ஸுதானாம்ல. நிம்மதியா ஊதலாம்" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பே வரவில்லை.

பல வருஷம் கழித்து எங்கள் வகுப்பு அதே மைதானத்தில் கூடியது. நரைத்த தலைகள், தொந்திகள். சாரைக் காரில் அழைத்துவந்தோம். பிரியாணி உபயம் சேவியர். அந்தக் கணக்குப் பரீட்சையிலும் பெயிலாகி, தறிக்குப் போய், இன்று பத்துத் தறிக்கு முதலாளி.

"ஏலே, நீ பெயிலாகுறதுக்காடா நான் என் வீட்டப் பூட்டிட்டுப் போனேன்?" என்று சார் அவன் காதைத் திருகினார். அவன் குனிந்து காதை நன்றாகவே காட்டினான்.

பொழுது சாயும் நேரத்தில் சார் ஒரு நீள விசில் அடித்தார். மைதானமே அசையாமல் நின்றது. எங்களில் வங்கி மேனேஜராகிவிட்ட ஒருவன் வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் நின்றான். அடுத்து இரண்டு விசில் வரவேண்டும். வரவில்லை.

"சார், ரெண்டு அடிங்க சார். கெளம்பணும்" என்றான் சேவியர்.

சார் விசிலைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு அடிக்க மாட்டேன், போடா" என்றார்.

பஸ் ஒன்று வந்து, நின்று, போனது. நாங்கள் யாரும் நகரவில்லை.