கேசரி அடைத்த மீன் தொட்டி

'எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரியாத ஆட்களில் நானும் ஒருவன். எண்பதுகளில் அந்த வியாதி முற்றியிருந்தது. திண்டிவனத்தில் பம்ப்செட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் இரண்டு பெண் வீட்டார் 'அப்புறம் சொல்றோம்' என்று சொல்லி, சொல்லாமலே விட்டிருந்தார்கள். மூன்றாவது இடம் விழுப்புரம். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப்போனால் சாமியாராகப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். (அம்மா, "தாடியே சரியா முளைக்கலையேடா" என்றாள்.)

பெண்ணின் அப்பா ரேடியோ ரிப்பேர்காரர். கூடத்தில் அவரே செய்த மீன் தொட்டி. நிரம்பும் தண்ணீர் ஒரு வளைந்த குழாய் வழியாகக் கீழே டிரம்மில் இறங்கும். ஏர்கூலர் மோட்டார் ஒன்று அதை மறுபடி மேலே ஏற்றும். எல்லாம் சரி, சத்தம்தான் தாங்கவில்லை. களக், களக், க்ர்ர்ர் என்று ஊரே ஒன்றாக வாய் கொப்பளிப்பது மாதிரி.

"பையன் இன்னா படிச்சிருக்காரு?" என்று அவர் கேட்டது அம்மா காதில் 'குடிச்சிருக்காரு' என்று விழுந்து, "ஒரு டம்ளர் மோருதாங்க" என்றாள்.

விடலாமா? எழுந்துவிட்டேன். "மாமா, இது ரெண்டு நிமிச வேலை!" குழாய் வளைவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஒன்று இருந்தது. சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அடைத்தால் தீர்ந்தது.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல்: "அப்பா, அது காத்து போற ஓட்டை. அடைக்க வேணாம்னு அவருகிட்ட சொல்லுப்பா." (மாப்பிள்ளையிடம் பெண் நேராகப் பேசக்கூடாதே!)

"நீ கம்முனு இரும்மா. அவரு மோட்டார்லயே பொழங்கிக்கினு இருக்கறவரு."

என் கையில் இருந்தது கேசரி. ஓர் உருண்டை உருட்டி ஓட்டையை அடைத்தேன். சத்தம் நின்றது. "அடடா!" என்றார் மாமா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நிமிஷம்தான். காற்றுக்கு வழியில்லாத குழாய் தண்ணீரை வெறிகொண்டு உறிஞ்சியது, கூடவே கேசரியையும். கேசரி கரைந்தது. அதிலிருந்த முந்திரிப் பருப்பு கரையாமல், குழாயின் குறுகலில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

மோட்டாரோ தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி பொங்கி வழிந்தது. தங்கமீன் ஒன்று அம்மாவின் பட்டுப்புடவை மடியில் வந்து விழுந்தது.

"ஐயோ, மடியில இன்னாமோ துள்ளுதே!"

"ஜல்தி, பிளக்கைப் புடுங்குங்க!" என்று மாமா நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்.

பெண் ஓடிவந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். எங்களுக்குக் குடிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரில் மீனைப் போட்டாள். பிறகு நேராக என்னைப் பார்த்தாள்.

"அடைக்காதீங்கன்னு சொன்னேனே! காதுலயும் கேசரி அடைச்சிக்கினு இருந்தீங்களா?"

நனைந்த வேட்டியோடு நின்று, "தப்புதாங்க. இனிமே நீங்க சொன்னா கேக்கறேன்" என்றேன். மூன்றாவதும் போச்சு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் மாமாவின் கடிதம் வந்தது. 'பாப்பாவுக்குச் சம்மதம். சொன்னால் கேட்பேன் என்று இத்தனை சாட்சிகள் முன்னால் ஒப்புக்கொண்ட மாப்பிள்ளை வேறு கிடைக்கமாட்டார் என்கிறாள். குழாய் நுனியை டிரம் தண்ணீரில் முங்கவிட்டதில் சத்தம் அடங்கிவிட்டது. அதுவும் அவள் யோசனைதான்.'

எங்கள் வீட்டுக் கேசரியில் எல்லோருக்கும் முந்திரி உண்டு. என் தட்டில் மட்டும் இன்றைக்கும் அவள் அதைப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் வைப்பாள். போன பொங்கலுக்குப் பேத்தி ஏன் என்று கேட்டாள்.

"உங்க தாத்தாவுக்கு முந்திரி ஆவாதுடி. குழாய்ல மாட்டிக்கும்."