பாத்ரூமில் மார்கரெட்

“பிள்ளை, ஷாம்பு நுரை தொட்டிக்குள்ளை தெறிக்காமல் முழுகு.”

அப்பா கதவுக்கு வெளியே நின்று சொன்னார். உள்ளே தனுஷியா தரையில் குந்தியிருந்து, வாளியில் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குளியல் தொட்டியில் அவளுக்கு இடமில்லை. தொட்டியில் மீன் இருந்தது.

சின்ன மீனா அது! தோளிலிருந்து விரல்நுனிவரை அவளுடைய முழுக் கை நீளம். பக்கமெல்லாம் கண்ணாடிச் சில்லு ஒட்டியதுபோலப் பெரிய செதில்கள். வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஏதோ புத்தி சொல்ல வந்து மறந்துபோன மாமாவைப்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை, ஒரு மீனுக்கு வெட்கப்பட்டுத் துவாயைக் கட்டிக்கொண்டு குளிக்க வேண்டியதாகிவிட்டது.

எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அப்பா அருட்பிரகாசம் அந்தக் கோடை முழுக்கத் தூண்டிலும் கையுமாகக் காட்டுப்பக்கம் போய்வந்தவர். சேறு கொண்டுவந்தார், தடிமன் கொண்டுவந்தார், ஒருமுறை கால் முழுக்கச் செந்தட்டிக் கடியும் கொண்டுவந்தார். மீன் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா கலாவதி வாசலில் நின்று, “புளி கரைக்கட்டோ, இல்லை பருப்பைப் போடட்டோ?” என்று கேட்பாள்.

அந்த ஞாயிறு பொழுதுபடும் நேரம் அவர் தான் வேலைசெய்யும் கடையின் வான் வண்டியில் வந்து இறங்கினார். கையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிக்குள் உயிரோடு இது.

“புளியைக் கரை,” என்றார் அப்பா.

கலாவதி புளியைக் கரைத்தாள். ஆனால் கத்தியை எடுத்துக்கொண்டு அவள் வந்ததும் அவரே மறித்தார்.

“இப்ப வெட்டினால் சேத்து மணம் அடிக்கும். கொஞ்ச நாளைக்கு நல்ல தண்ணியிலை கிடக்கட்டும்.”

“நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குதப்பா. இண்டைக்கு வெட்டாட்டில் ஆறு நாள் விரதம் இருந்து பாறணை முடியுமட்டும் இந்த வீட்டிலை மீன்கத்தி எடுக்கேலாது,” என்றாள் கலாவதி.

“அப்ப முடியட்டும்.”

இப்படித்தான் மீனுக்கு ஒரு கிழமை விசா கிடைத்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து மத்தியான இடைவேளையில், அது என்ன மீன் என்று பார்க்கத்தான் தனுஷியா போனை எடுத்தாள். கார்ப், கெண்டைச் சாதி என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேடியபோது, காட்டோரத்து ஏரி ஒன்றில் மீன்பிடிக்கும் சங்கத்தின் பக்கம் வந்தது. மேலே ஒரு படம். அதே செதில், அதே திறந்த வாய். ‘எங்கள் மார்கரெட்டைக் காணவில்லை. நாற்பது வயது. பிடிப்பவர்கள் படமெடுத்து, முத்தம் கொடுத்து, திருப்பி ஏரியில் விடுவது வழக்கம். யாரோ களவாடிவிட்டார்கள். பொலிஸில் முறையிட்டிருக்கிறோம்.’

கையிலிருந்த சாண்ட்விச்சை அவள் மேசையில் வைத்தாள். மீனுக்குப் பெயர் வைப்பார்களா? முத்தம் கொடுப்பார்களா? கஷ்டப்பட்டுப் பிடித்ததைத் திருப்பி விடுவார்களா? ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் நன்றாக விளங்கியது. அப்பாவின் சிற்றிசன்ஷிப்புக்கு, இந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதி, முடிவுக்குக் காத்திருக்கும் நேரம் இது. பதினெட்டு வருஷம் வரிசையில் நின்றவர். பொலிஸ் கேஸ் ஒன்று வந்தால், அதுவும் மீன் களவெடுத்த கேஸ் வந்தால், எல்லாம் போச்சு.

அன்று பின்னேரம் மெல்லக் கேட்டாள்.

“அப்பா, அந்த ஏரிக்கரையிலை போர்ட் ஏதும் எழுதிக் கிடந்ததோ?”

“காட்டுக்குள்ளை ஆர் போர்ட் வைக்கிறது?”

“உங்களை ஒருத்தரும் காணேல்லையோ?”

“ஒரு மான் நிண்டு பார்த்தது.” அப்பாவின் முகம் மலர்ந்தது. “முழங்காலளவு சேறு, பிள்ளை. தூண்டில் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. நான் விடேல்லை, அதுவும் விடேல்லை.”

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு மரியமலர் அன்ரியிடம் சொன்னபோது சேறு இடுப்பளவாகி, மான் இரண்டாகியிருந்தது. களவெடுத்த மனுஷன் ஊரைக் கூட்டிச் சொல்வானா?

அதைவிடக் குழப்பம், அப்பா அந்த மீனை வைத்துப் பார்த்த விதம். வேலையால் வந்தால் சப்பாத்தையும் கழற்றாமல் நேரே பாத்ரூமுக்குப் போவார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்ப்பார். ஏதோ கடதாசித் துண்டை நனைத்து நிறம் பார்ப்பார். பட்டாணியை ஒவ்வொன்றாகத் தோல் உரித்துப் போடுவார்.

“வெட்டப்போற மீனுக்கு ஏனப்பா தோல் உரிக்கிறீங்கள்?”

“கொழுக்கட்டும்.”

“எனக்கு ஒருநாளும் தோடம்பழம்கூட உரிச்சுத் தந்ததில்லை.”

“நீ கொழுத்து என்ன செய்யிறது?”

எப்படியாவது வெட்டுவதை நிற்பாட்ட வேண்டும். செத்துப்போனால் பிறகு திருப்பிக் கொடுக்கவும் ஏலாது. புதன்கிழமை அவள் அம்மாவின் காதில் ஒரு பொய்யைப் போட்டாள்.

“அம்மா, அதின்ரை வயித்தைப் பாருங்கோ. முட்டை இருக்குப் போலை.”

வெறும் பாலும் பழமுமாக விரதம் இருந்த கலாவதி, பாத்ரூம் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். “முருகா. சஷ்டி நேரம் வீட்டுக்கு வந்த பிள்ளைத்தாச்சி.”

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. பிள்ளைத்தாச்சியைப் பார்க்கச் சனம் வரத் தொடங்கியது. மனோர் பார்க் கோயிலுக்குப் போகிற பெண்கள் வழியில் வீட்டுக்குள் ஏறி, பாத்ரூமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வாளியில் முழுகிய தண்ணீர் தரை வழியே இறங்கி, கீழே குசினிக் கூரையில் இலங்கை வரைபடம் போல ஒரு கறை விழுந்தது.

சனத்தை மறிக்கத் தனுஷியா இரண்டாவது பொய்யைச் சொன்னாள். “அம்மா, அதுக்குத் தோல் வருத்தம். ஆக்களுக்கும் தொத்துமாம்.”

கலாவதி உடனே ஒரு பிடி மஞ்சளைத் தொட்டிக்குள் தூவினாள்.

வேலையால் வந்த அருட்பிரகாசம் மஞ்சள் தண்ணீரைக் கண்டு பதறிப்போனார். “ஐயோ, ஆர் இதைச் செய்தது? செத்துப்போகப் போகுதடி!”

“ஏனப்பா கத்துறியள்? குழம்பு வைக்கேக்கை மஞ்சள் போடத்தானே வேணும்?” என்றாள் கலாவதி.

அவர் முழங்கைவரை சட்டையை மடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். மாற்றும்போது மீனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்ததைத் தனுஷியா கண்டாள். பாவம், குற்றம் நெஞ்சிலை குத்துது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இரவு மரியமலர் அன்ரி ஒரு வீடியோவோடு வந்தாள்.

“பார் பிள்ளை, கொப்பர் எவ்வளவு வடிவாக் கதை சொல்லுறார் எண்டு. போட்டவுடனை எத்தனை பேர் பார்த்திட்டினம்.”

வீடியோவில் அப்பா பாத்ரூமில் நின்று இரு கையையும் விரித்துக்கொண்டிருந்தார். சேறு இப்போது நெஞ்சளவு. மான்கள் ஒரு கூட்டம். பின்னால் மீன், நல்ல வெளிச்சத்தில், செதில் செதிலாக.

தனுஷியா வீடியோவை நிற்பாட்டினாள். சங்கத்துக்காரர் காண எவ்வளவு நேரம்? பொலிஸ் காண எவ்வளவு நேரம்? அப்பாவிடம் சொன்னால் பயத்தில் வெட்டிக் குளிர்ப்பெட்டிக்குள் ஒளித்துவிடுவார். அவள் அம்மாவிடம் போனாள்.

“அம்மா, நாளைக்குச் சூரசம்ஹாரம். இப்பிடி ஒரு நாளிலை ஒரு பிள்ளைத்தாச்சியை அதின்ரை இடத்திலை விட்டால் எவ்வளவு புண்ணியம்?”

கலாவதி கண்ணைத் துடைத்தாள். “நானும் அதைத்தான் நினைச்சனான். கொப்பர் மறிப்பார். ஆயுளிலை பிடிச்ச ஒரே மீன். அவர் வேலைக்குப் போனாப் பிறகு கொண்டுபோவம்.”

சனிக்கிழமை விடிய அவர் போன கையோடு மரியமலர் அன்ரியும் சேர மூன்று பெண்களும் வேலையில் இறங்கினார்கள். மீன் தூக்க வழுக்கியது, வாலால் கலாவதியின் கன்னத்தில் ஒன்று வைத்தது. “சுகமாப் போவன், ஏன் அடிக்கிறாய்?” என்று அவள் விக்கினாள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி ஒன்றில் வைத்து, ஈரத் துவாயால் மூடி, மரியமலர் அன்ரியின் காரில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் தனுஷியாவின் மடியில் கொட்டியது. ஒரு பொலிஸ் கார் பக்கத்தில் வந்து நின்றபோது அவள் துவாயை அணைத்துக்கொண்டு தாலாட்டுவதுபோல ஆடினாள். பொலிஸ்காரி புன்னகைத்துவிட்டுப் போனாள்.

தனுஷியா வழி சொன்ன அந்தச் சங்கத்து ஏரிக்கரையில் பெரிய போர்ட் இருந்தது. மீனை எடுத்துச் செல்லக் கூடாது என்று கொட்டை எழுத்தில். அப்பா இதை எப்படிக் காணாமல் விட்டார்? யோசிக்க நேரமில்லை. கலாவதி மீனின் நெற்றியில் விபூதி பூசினாள். மரியமலர் அன்ரி சிலுவை போட்டாள். தனுஷியா சங்கத்து வழக்கப்படி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு முத்தம் கொடுத்தாள்.

ஒரு சுழி. ஒரு மினுக்கம். மார்கரெட் போய்விட்டது. ஒரு கிழமைக்குப் பிறகு தனுஷியா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மத்தியானம் அருட்பிரகாசம் பட்டாணிப் பையோடு வந்து, நேரே மேலே ஏறினார். பிறகு படியில் இறங்கி வந்தவருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது.

“மீன் எங்கை?”

“கொண்டுபோய் விட்டிட்டம்,” என்றாள் கலாவதி. “உங்களுக்கும் சேர்த்துத்தான் புண்ணியம்.”

“எங்கை விட்டனீங்கள்?”

“பிடிச்ச இடத்திலைதான்.”

“பிடிச்ச இடம் உங்களுக்கு என்னெண்டு தெரியும்?”

தனுஷியா முன்னால் வந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? “அப்பா, எனக்கு எல்லாம் தெரியும். மார்கரெட்டைக் களவெடுத்தது எண்டு பொலிஸுக்கு முறைப்பாடு போயிட்டுது. உங்கடை சிற்றிசன்ஷிப்புக்காகத்தான் நான் செய்தனான். இனிப் பயமில்லை.”

அப்பா அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். படியிலேயே மெல்லக் குந்தினார்.

“ஆரடி பிள்ளை மார்கரெட்?”

அழைப்பு மணி அடித்தது. வந்துவிட்டார்கள். அப்பா எழும்பவில்லை. தனுஷியாவே போய்க் கதவைத் திறந்தாள்.

பொலிஸ் இல்லை. அப்பா வேலைசெய்யும் கடையின் முதலாளி பத்மநாதன், கையில் ஒரு வெறும் தொட்டியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

“ஒரு கிழமையா உங்கடை பாத்ரூமை மறிச்சு வைச்சதுக்குக் குறை நினையாதேங்கோ பிள்ளை, என்ரை வீட்டு வளவுக் குளம் திருத்தி முடிஞ்சுது, அருளிட்டைப் பாத்துக்கொள்ளக் குடுத்த மீனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்.”