கையைக் கட்டிக்கொண்டு குஸ்தி பார்க்க வந்தவர்

"எல்லாம் நடிப்பு."

காலையில் வாய் கொப்பளித்ததும் முதல் பேச்சு இதுதான். பீன்ஸ் தட்டை முன்னால் வைத்தால் அதற்கு நடுவில் ஒரு தடவை. தொலைக்காட்சியில் முகமூடிக் குஸ்தி ஓடினால் திரையைப் பார்த்து ஒரு தடவை, பிறகு நமக்குக் காது மந்தமோ என்று சந்தேகப்பட்டு நம் பக்கம் திரும்பி இன்னொரு தடவை. "எல்லாம் நடிப்பு. யாரு ஜெயிக்கணும்னு உள்ளேயே பேசி வச்சுட்டு வருவானுங்க. இதுக்குப் போய் ஒக்காந்து கத்துறானுங்களே, மண்டையில ஏதாவது இருக்கா இல்லையா?"

இப்படி ஒரு இனம் இருக்கிறது. நான் இவர்களுக்குக் கைகட்டிகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு குஸ்தியையும் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அதைப்பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அடுப்புப் பக்கமே வராதவன்தான் உப்பு கூடிவிட்டது, புளிப்பு குறைந்துவிட்டது என்று சட்டம் பேசுவான், பார்த்திருக்கிறீர்களா? அதே ரகம். எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பச்சுகாவில் என் வீட்டிலேயே ஒன்று தின்று தூங்குகிறது.

என் அண்ணன் ஃபெர்மின். வெளியூர் பஸ்களில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் தலைநகரத்தை விட்டு ஒரு பெட்டியோடும் ஒரு சாம்பல் நிறத் தொப்பியோடும் என் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். தொப்பியைத் தொடக்கூடாது. வேலையை விட்டுப் போகும்போது கம்பெனியில் மாலை மரியாதை செய்து கொடுத்தது. எங்கள் ஊர்க் காற்றுக்கு ஓட்டுக்கூரையே நிற்காது, இவர் தெருவில் நடந்தால் ஒரு கை எப்போதும் தலைமேல்தான் இருக்கும். மிச்சம் இருக்கிற ஒரு கையால்தான் ஊரைக் குறை சொல்வார்.

இந்த எல்லாம் தெரிந்தவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. தினம் காலையில் அவருடைய முட்டிவலிக்குச் சத்து ஊசி போடுகிற என் மகள் யாதிரா ஒரு குஸ்திக்காரி.

பகலில் அவள் மருந்துக்கடையில் ஊசி போடுகிறாள். அவள் கையில் ஊசி வலிக்காது என்பது ஊர் முழுக்கப் பிரசித்தம். எங்கள் பேட்டையில் அவளுக்கு முன்னால் கால்சட்டையை இறக்காத ஆள் பாதிரியார் ஒருவர்தான், அவரும் போன மழைக்காலத்தில் ஜுரம் வந்து வழிக்கு வந்துவிட்டார். கடை சாத்தியதும் டயர்ப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வாத்தியார் கலிஸ்தோவின் கூடத்துக்குப் போவாள். மூன்று வருடமாக விழுவதற்குக் கற்றுக்கொள்கிறாள். சிரிக்காதீர்கள். மண்டை உடையாமல் விழுவதற்கே முதல் வருடம் சரியாகப் போய்விட்டது. ஞாயிறு ஐந்து மணிக்கு அங்கே கற்றுக்குட்டிகளின் காட்சி. பெரிய கோதாவில் பெயர் எடுக்கப் போகிறவர்கள் முதலில் இங்கேதான் மூக்கை உடைத்துக்கொள்ள வேண்டும்.

குஸ்தியில் நல்லவர் கட்சி, கெட்டவர் கட்சி என்று இரண்டு. வாத்தியார் யாதிராவின் தோளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைக் கெட்டவர் கட்சியில் போட்டார். நஞ்சுக்காரி என்று பெயர், பச்சைப் பாம்பு போட்ட கறுப்பு முகமூடி. கெட்டவளுக்குச் சம்பளமே கூட்டத்தின் ஊளைதான். ஊளை வரவில்லை என்றால் அவள் கோதாவில் நின்று ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஊசி போடும்போது வலிக்காதவளைப் பார்த்து எவர் ஊளையிடுவார்?

முதல் ஞாயிறு எதிரியின் விரலை மிதித்தாள். மிதித்த கையோடு "ஐயோ, பட்டுருச்சா?" என்று குனிந்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது! முன்வரிசையில் கோழிக்கடை தோமிதிலா எழுந்து, "ஏண்டி கண்ணு, சரியா சாப்புடுறியா இல்லையா? எளச்சுப் போயிட்டியே!" என்றாள். முகமூடிக்கு மரியாதை கொடுத்துப் பெயரை மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது ஞாயிறு இன்னும் மோசம். எதிரியைத் தூக்கி எறிந்தாள், யாரோ பின்னாலிருந்து "மெதுவாம்மா, உனக்கு இடுப்பு புடிச்சுக்கும்" என்றார்கள்.

வாத்தியார் அவளைக் கூப்பிட்டார். "இந்த ஊரு ஒன்னைய மருமகளா எடுத்துக்கும் போல இருக்கு. எனக்கு மருமக வேணாம். வர்ற ஞாயித்துக்கெழமை ஒருத்தராவது மனசாரத் திட்டணும். இல்லேன்னா முகமூடியக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிரு."

என் மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அண்ணனுக்குத் தெரியாமல் முகமூடியைத் துவைத்துக் குளியலறைக்குப் பின்னால் காயப்போட்டபோது, அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குக் கெட்டவளா இருக்க வரலம்மா."

"வராம என்னடி? ஏழு வயசுல உன் தங்கச்சி பொம்மைய பீன்ஸ் பானையில போட்டு வேக வச்சவதானே நீ?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னது அது கறுப்புத் துணி?"

"காப்பி வடிகட்டுற துணிண்ணே."

"அதுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?"

"பழசு. கிழிஞ்சு போச்சு."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தோரு வருடப் பரிசோதகர்!

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் யாதிராவை முகமூடியோடு அடையாளம் தெரியாத ஒரே ஜீவன் இதுதான். திட்டுவதற்கு இதைவிடப் பயிற்சி பெற்ற வாய் எங்கே கிடைக்கும்? ஞாயிறு மதியம் கேட்டேன்.

"அண்ணே, டயர்ப் பட்டறைப் பின்னாடி குஸ்தியாம். நீ வந்து எது எது நடிப்புன்னு சொல்லிக் குடேன்."

கைகட்டியை வீட்டை விட்டுக் கிளப்ப இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. அழைத்தால் வரமாட்டார்கள். விளக்கம் சொல்லக் கூப்பிட்டால் செருப்பைத் தேடுவார்கள்.

முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சு, கவனித்துப் பாருங்கள். நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார்கள். ஒரு ஓரமாக, இப்போதே கிளம்பப் போகிறவர்கள் மாதிரி உட்காருவார்கள். கூரையைப் பார்ப்பார்கள், கோதாவின் கயிற்றைப் பார்ப்பார்கள், "ம்" என்பார்கள். பிறகு கையைக் கட்டிக்கொள்வார்கள். அந்தக் கை கட்டியதும் உலகமே ஒரு டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர் தலைதான் முதலில் உருளும். நான் முன்வரிசையில் அண்ணனைத் தோமிதிலாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன்.

"பலகைக்கு அடியில ஸ்பிரிங்கு இருக்கும்," என்றார் அவளிடம்.

"அப்பிடியா?" என்றாள் தோமிதிலா, பூசணி விதையை உரித்துக்கொண்டே. "போன வாரம் ஒருத்தனுக்குத் தோளு எறங்கிருச்சே, அந்த ஸ்பிரிங்கு எங்க போச்சு?"

"அதுவும் பேசி வச்சதுதான்."

"தோளு எறங்குறதா? தோளுகிட்டயா பேசுனாங்க?"

அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். முதல் ஆட்டம் முழுக்க அடி விழும்போதெல்லாம், "கால தட்டுறான், சத்தம் கால்லேருந்து வருது" என்று எல்லோருக்கும் சொன்னார். இரண்டாவது ஆட்டத்தில் பின்வரிசைக்காரர் ஒருவர், "ஐயா, எனக்குத் தெரியுங்க. கொஞ்சம் குனியுங்க, மறைக்குது" என்றார். தொப்பியைத்தான் சொன்னார். அண்ணன் கழற்றவில்லை.

அப்புறம் என் மகள் வந்தாள்.

எதிரி வெள்ளிப்புறா, நல்லவர் கட்சி. மூன்று சுற்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் சுற்று புறாவுக்கு. கூட்டம் என் மகளுக்கு ஆறுதல் சொன்னது! "பரவால்ல கண்ணு, அடுத்தது பாத்துக்கலாம்!" வாசல் பக்கம் வாத்தியார் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் அண்ணன் கொட்டாவி விட்டார். பாழாய்ப் போனவரே, வீட்டில் ஒரு நாளில் நாற்பது பேரைத் திட்டுகிறீரே, இங்கே ஒருத்தியைத் திட்ட வாய் வராதா?

இரண்டாவது சுற்றில் யாதிரா புறாவைக் கீழே போட்டு அமுக்கினாள். அமுக்கும்போது இரண்டு காலையும் பின்னால் இருந்த கயிற்றில் கொக்கி போட்டாள். அது சட்டப்படி குற்றம். நடுவர் தரையைத் தட்டி எண்ணுகிறார். ஒன்று. இரண்டு.

அண்ணனின் கை அவிழ்ந்தது.

"ஏய்! காலு! கயித்துல காலு!"

மூன்று. நடுவர் என் மகள் கையைத் தூக்கினார்.

"நடுவரே! நான் பாத்தேன்யா! காலு கயித்துல இருந்துச்சு! செல்லாது!"

"அண்ணே, எல்லாம் நடிப்புதானே?"

"சும்மா இரு! டிக்கெட் இல்லாம ஏறி சீட்டுல ஒக்காந்திருக்கா அவ!"

மூன்றாவது சுற்றில் சண்டை கோதாவை விட்டுக் கீழே இறங்கியது. புறா நாற்காலிகளுக்கு நடுவே ஓடினாள், என் மகள் துரத்தினாள். வழியில் அண்ணன் எழுந்து நின்றுகொண்டார், பஸ் நடைபாதையில் நிற்பது மாதிரி காலை அகட்டி, விரலை நீட்டி. "நீ ஏமாத்துன. ஒத்துக்க. எல்லார் முன்னாடியும் ஒத்துக்க."

யாதிரா நின்றாள். கையை நீட்டினாள். அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள்.

மூன்று மாதமாக அந்தத் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு அவர் காற்றில் நடப்பதை ஊரே பார்த்திருக்கிறது. என் மகள் அதைத் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு, மிதிக்காமல் என்னைப் பார்த்தாள். முகமூடியின் இரண்டு ஓட்டையிலும், பானையில் கடைசியாக இருக்கிற ஒரு கரண்டி பீன்ஸைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும் அதே கண்.

ஒரு பக்கம் கூடப்பிறந்த அண்ணன். இன்னொரு பக்கம் மூன்று வருடமாக என் பெண் விழுந்த விழுகை எல்லாம். நான் பூசணி விதைத் தோலைத் துப்பினேன். தலையை ஆட்டினேன்.

மிதித்தாள். இரண்டு காலாலும். மிதித்துவிட்டு அதன்மேல் மறுபடியும் ஏறி நின்றாள்.

"அடிப்பாவி!" தோமிதிலாவின் குரல்தான் முதலில் வந்தது. "வயசான மனுசன் தொப்பியவாடி மிதிக்கிற? வெளங்குவியா நீ?" அதன் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஊளை கிளம்பி, ஓட்டுக்கூரையில் மோதி, திரும்பி வந்து எங்கள் தலையில் விழுந்தது. விதைத்தோல் பறந்தது, பாதி தின்ற கறி பாஸ்தே ரொட்டி ஒன்று பறந்தது. என் மகள் கோதாவுக்குள் திரும்பி ஓட, அண்ணன் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கோதாவின் படியில் ஏறினார். எங்கள் வீட்டு மூன்று படிக்கட்டை ஏற முடியாமல் தினம் ஊசி போட்டுக்கொள்கிற அதே முட்டி! நான் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்குண்ணே! எல்லாம் நடிப்பு!"

திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"தொப்பி நடிப்பா? சொல்லு. தொப்பி நடிப்பா?"

யாதிரா புறாவின் முடியைப் பிடித்து இழுத்து மூன்றாவது சுற்றையும் திருட்டுத்தனமாக ஜெயித்தாள். திரைக்குப் பின்னால் நான் போனபோது வாத்தியார் அவள் முகமூடியின் கயிற்றைத் தன் கையாலேயே இறுக்கிக்கொண்டிருந்தார். "அடுத்த ஞாயிறு கடேசியா வர்ற பெரிய ஆட்டம் ஒனக்குத்தான்," என்றார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "மாமாவோட தொப்பிம்மா!"

மறுநாள் காலை அண்ணன் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார்.

"வலிச்சுதா மாமா?"

"ஒன் கையில வலிக்குமா கண்ணு? நீயும் பொண்ணு, நேத்து ஒருத்தி, அவளும் பொண்ணு. அவளப் பெத்தவ எப்பிடிப்பட்டவளா இருப்பா, நெனச்சுப் பாரு!"

நான் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிளறிக்கொண்டே இருந்தேன்.

தொப்பியை ஆவியில் காட்டி நிமிர்த்திக் கொடுத்தேன். கால் தடத்தைத் துடைக்க மட்டும் விடவில்லை. ஆதாரமாம். இப்போது ஞாயிறு நாலு மணிக்கே முன்வரிசையில் இடம் பிடிக்கிறார். ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார், நஞ்சுக்காரி செய்கிற குற்றத்தை எல்லாம் அதில் எழுதுகிறார். யாராவது புதிதாக வந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு "எல்லாம் நடிப்பு" என்றால், தொப்பியைக் கழற்றி மூக்குக்கு முன்னால் நீட்டுகிறார். "இதப் பாருய்யா. இது நடிப்பா?"

விஷயத்தை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இதை அவர் படிக்க மாட்டார். அச்சில் வருவதெல்லாம் புளுகு என்பது அவர் கட்சி.

நீங்கள் மட்டும் என்ன? இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து, "சொந்த மருமகளைத் தெரியாமல் இருக்குமா, எல்லாம் கட்டுக்கதை" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டே படித்தீர்கள் இல்லையா? இப்போது உங்கள் இரண்டு கையும் எங்கே இருக்கிறது, கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

பார்த்தாகிவிட்டதா? அப்படியென்றால் ஞாயிறு ஐந்து மணிக்கு டயர்ப் பட்டறைக்குப் பின்னால் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். நல்லதாக எதையும் தலையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கறுப்பு முகமூடியில் பச்சைப் பாம்போடு ஒருத்தி வருவாள், என் வயிற்றில் பிறந்தவள். தயவுசெய்து வாய் நிறைய, தொண்டை கிழிய, அவளைத் திட்டிவிட்டுப் போங்கள்.