மச்சான் மெயிலுக்குப் போட்ட பூட்டு

இந்த வருஷம் உயிரே போனாலும் ஏ.சி. ரூமை விட்டுக் கொடுப்பதில்லை என்று தெய்வசிகாமணி சபதம் எடுத்தார். எடுத்தது குளியலறைக்குள். வெளியே எடுத்தால் மனைவி அஞ்சலாட்சியின் காதில் விழுந்துவிடும்.

ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏ.சி. மில்லில் இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு வெளியே வந்த மனுஷன், தனக்கென்று செய்துகொண்ட ஒரே சுகம். அதிலும் மண் விழுந்தது. ஆகஸ்ட் பிறந்தால் போதும், அஞ்சலாட்சியின் தம்பி வெற்றிவேல் பிரான்சிலிருந்து பெண்டாட்டி, பிள்ளைகளோடு வந்து இறங்கிவிடுவான். ஏ.சி. அவனுக்கு. தெய்வசிகாமணிக்குக் கூடத்தில் பாயும் கொசுவும். காலையில் அரை டிராயரோடு வெளியே வந்து, "அங்கல்லாம் இப்படி வேர்க்காது மாமா" என்பான். வேர்த்தது யாருக்கு? போன வருஷம் அவன் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்த சீஸ் நாலாம் நாள் எழுப்பிய வாசனைக்கு, தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிற இடமே பூக்கடை.

அவனிடம் ஒரே ஒரு நல்ல குணம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவன், எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் அவனுக்கு. அக்கா போனில் நூறு தடவை வாடா என்றாலும் செல்லாது. ஜூன் மாதம் மெயில் போட்டு, "மாமா, வரலாமா?" என்று கேட்பான். வீட்டு ஆம்பளை எழுத்தில் கூப்பிட வேண்டும். மாசம் முடிவதற்குள் பதில் போகாவிட்டால், காரைக்காலில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவான்.

ஆக, அந்த மெயில் அஞ்சலாட்சி கண்ணில் படக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

அதில்தான் சிக்கல். தினம் காலை ஏழு மணிக்கு, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது, அஞ்சலாட்சி காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தம்பி இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் தமிழை இவர்தான் படித்துச் சொல்வார். ஆனால் தம்பி பெயர் மட்டும் தூரத்திலிருந்தே தெரியும் அவளுக்கு.

முதல் மெயில் வந்தது.

"இன்னா எழுதியிருக்கான்?"

"சௌக்கியமாம். அங்க குளிராம்."

"ஜூன் மாசத்துலயா?"

"பிரான்சு இல்லியா, அப்படித்தான்."

"இத்தினி நீளமா இருக்குதே?"

"குளிரு ரொம்ப ஜாஸ்தியாம்."

அன்றைக்கே பிரவுசிங் சென்டர் கலைவாணனிடம் ஓடினார். கலைவாணனுக்கு வயது ஐம்பது, மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும்.

"லாட்டரி விழுந்திச்சின்னு ஒருத்தன் தினம் தொல்லை பண்றான்யா. தடுக்கணும்."

"ரூல் போட்டுடலாம் சார். அவன் அட்ரஸைச் சொல்லுங்க. வர்றது நேரா குப்பைப் பெட்டிக்குப் போயிடும்."

சொன்னார். கலைவாணன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். "வெற்றிவேலா? லாட்டரிக்காரன் பேரு முருகன் பேரா இருக்குது?"

"அதான்யா மோசடி!"

வழி தெரிந்துகொண்டு வந்து, வீட்டில் தானே ரூல் போட்டார். சாயங்காலம் வெற்றிவேல் மெயில் குப்பைக்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்தார். அன்றைக்கு ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துத் தூங்கினார்.

மறுநாள் காலை அஞ்சலாட்சி அவரை வஞ்சிரம் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். திரும்பி வந்து மெயில் பெட்டியைத் திறந்தால், குப்பைக்குப் போன மெயில் எல்லாவற்றுக்கும் மேலே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"தம்பி பேரு மாதிரி தெரியுது?"

"ஆமா. குளிரு இன்னும் விடலையாம்."

மத்தியானம் மறுபடி கலைவாணன். "ஸ்பெல்லிங் மாத்தி அனுப்பறான் சார். எல்லா ஸ்பெல்லிங்கும் போடுங்க." ஒரு 'டி', ரெண்டு 'டி', 'ஆர்' போட்டது, போடாதது, ஒன்பது வெற்றிவேலைத் தடை செய்தார். மறுநாள் சுறாப்புட்டு செய்யப் போவதாகச் சொல்லி அஞ்சலாட்சி மறுபடியும் மார்க்கெட்டுக்கு விரட்டினாள். வந்து பார்த்தால் மெயில் பழைய இடத்தில். கையால் அழித்தார். அதற்கடுத்த நாள் சங்கரா மீனோடு வீடு திரும்பியபோது, அழித்ததும் உயிர்த்தெழுந்திருந்தது.

தெய்வசிகாமணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. 'அக்கா' என்று வந்தால் குப்பை. 'மாமா' என்று வந்தால் குப்பை. பிரான்சு, பாரிஸ், ஏர்போர்ட் எல்லாம் குப்பை. கடைசியில் மில் சிநேகிதர் ராமலிங்கம் மகள் கல்யாண அழைப்பு குப்பைக்குப் போயிற்று. மின்சார பில் நினைவூட்டல் போயிற்று. அவர் தனக்குத் தானே அனுப்பிப் பார்த்த மெயிலும் போயிற்று. ஊர் உலகமே அடைபட்ட பெட்டியில், மச்சான் மட்டும் தன்னந்தனியாக மகாராஜா மாதிரி வீற்றிருந்தான்.

ஜூன் முப்பது. இன்று ஒரு நாள் தாண்டிவிட்டால் போதும். எதற்கும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று கலைவாணனை வீட்டுக்கே அழைத்து வந்தார்.

கலைவாணன் அங்கே இங்கே அமுக்கிப் பார்த்தான். "ரூல்ல தப்பே இல்ல சார். எல்லாம் ஒழுங்கா குப்பைக்குத்தான் போயிருக்குது. யாரோ தினம் எட்டு மணி வாக்குல உள்ள போய், 'இது குப்பை இல்லை'ன்னு பட்டனை அமுக்கி வெளிய எடுத்து வெச்சிருக்காங்க."

"எட்டு மணிக்கு நான் மார்க்கெட்ல இருப்பேன். வீட்ல யாரு..."

சமையற்கட்டிலிருந்து முறத்தோடு அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தாள்.

"நாந்தான். அரிசி புடைச்சா, கீழ விழுந்ததை ஒரு தபா கிளறிப் பாக்காம எந்தப் பொம்பளயாவது குப்பையில கொட்டுவாளா? நீங்க பாட்டுக்குத் தள்ளினீங்க. நான் பொறுக்கி எடுத்து, முன்ன இருந்த எடத்துல வெச்சேன்."

"உனக்குக் கம்ப்யூட்டர் எப்பிடி..."

"தினம் பக்கத்துல குந்தி இன்னாத்தப் பாத்துக்கினு இருந்தேன்? உங்க மூஞ்சியையா?"

"இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாதே!"

"எட்டாவது வரைக்கும் எங்கப்பா பள்ளிக்கூடத்துக்கு மாடு மேய்க்கவா அனுப்பினாரு? ஏ, பி, சி, டி தெரியும். எழுத்துக் கூட்டினா தமிழு வருது. அவன் எழுதினதுல குளிருங்கற வார்த்தையே காணோமேன்னுதான் தேடிக்கினு இருந்தேன்."

கலைவாணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கடையைத் திறந்துபோட்டு வந்துட்டேன் சார்" என்று நழுவினான்.

தெய்வசிகாமணி கடைசிக் கயிற்றைப் பிடித்தார். "சரி, படிச்சே. படிச்சுக்கோ. வீட்டு ஆம்பளை எழுத்துல கூப்பிடாம உன் தம்பி வர மாட்டான். நான் ஒரு வரி எழுதல!"

"எழுதினீங்களே."

"எப்போ?"

"அன்னிக்கு நீங்க சங்கரா வாங்கப் போனப்ப. பெட்டி உங்க பேர்ல இருக்குது, எவன் எழுதினாலும் உங்க பேர்லதானே போவும்? ரெண்டு விரலால தட்டித் தட்டி, கை வலிக்குது எனக்கு. பதில் இன்னிக்குக் குப்பையில கெடந்திச்சி, எடுத்து வெச்சிருக்கேன். படிங்க, எனக்கும் சத்தமா."

முதல் தடவையாக அவர் ஒரு மெயிலை உள்ளது உள்ளபடி படித்தார். 'மாமா, உங்க மெயிலைப் பாத்து அழுதுட்டேன். ஒரு மாசம் போதாது, தீபாவளி முடிச்சுட்டுத்தான் போவணும்னு நீங்க ஆர்டர் போட்டப்புறம் நான் யாரு தட்டறதுக்கு? லீவு எழுதிக் குடுத்துட்டேன். காரைக்கால்லேருந்து மாமியாரையும் அங்கேயே வரச் சொல்லிட்டேன். உங்க மனசு யாருக்கும் வராது மாமா.'

தெய்வசிகாமணி ஏ.சி. ரூம் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தம்பியும் அவன் சம்சாரமும் ஏ.சி. ரூம்ல," என்று அஞ்சலாட்சி விரல் விட்டு எண்ணினாள். "அவன் மாமியாரம்மாவும் பசங்களும் நானும் கூடத்துல."

"அப்ப நானு?"

"மாடிப்படிக்குக் கீழ, கம்ப்யூட்டர் பக்கத்துல பாயைப் போட்டுக்குங்க. பாவம் மனுஷன், மெயிலு ஏதாச்சும் தப்பிப் போயிடப் போவுதேன்னு இனிமே கவலைப்பட வேணாம் பாருங்க."