உருளைக்கிழங்கை ஒழித்தவர்

நம்மிடையே ஓர் இனம் நடமாடுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது; இடுப்பில் ஏப்ரன் மட்டும் உண்டு. அடுத்தவர் தட்டை லேசாக்குவதற்கென்றே பிறந்த இனம். வெண்ணெய்க்குப் பதில் தயிர், சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம், மாவுக்குப் பதில் ஏதோ ஒரு விதையின் தூள் என்று போட்டுவிட்டு, நீங்கள் முதல் வாயை விழுங்குவதற்குள் குனிந்து உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும்: "வித்தியாசமே தெரியலல்ல?" தெரிகிறது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? உங்களுக்கு வந்ததுண்டா?

இங்கே நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளரை உட்காரவைத்து, ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்கிற தொழில். அங்கே பதில் வரும்வரை காத்திருப்பார். வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஐம்பது வயதில் டாக்டர் அவரைப் பரிசோதித்து, "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். அவர் வீட்டுக்கு வந்து நிதானமாக யோசித்தார். தான் நடப்பதைவிடக் குடும்பத்தின் சாப்பாட்டைக் குறைப்பது சுலபமாகப் பட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவர் பொறுப்பு.

ஒரு ஞாயிறு மைத்துனர் வந்திருந்தார். கப்பலில் எஞ்சின் மெக்கானிக். ஏழு மாதம் கடலில் கிடந்துவிட்டு நாலு நாள் விடுப்பில் வந்தவர், மறுநாள் காலை மறுபடி கிளம்ப வேண்டும். அக்காவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஷெப்பர்ட்ஸ் பை. அடியில் கைமா, மேலே இரண்டு விரற்கடை கனத்துக்கு மசித்த உருளைக்கிழங்கு, அதன் தலையில் வெண்ணெய் பட்டு முறுகிய பொன்னிறம். அக்காவும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி, சாமான் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, தம்பிக்குக் கம்பளிச் சட்டை வாங்க அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆனது.

நம்மவருக்கு அது போதாதா?

கைமாவில் பாதி ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது. அந்த இடத்தில் காளான் உட்கார்ந்தது. உருளைக்கிழங்கு முழுவதையும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மேல்மூடிக்குக் காலிஃப்ளவர். வேகவைத்த காலிஃப்ளவரைத் துணியில் கட்டிப் பிழிந்தால்தான் மசியல் நிற்கும். அவர் பிழியவில்லை. சத்து போய்விடுமாம்.

ஓவன் அடுப்பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த மகள், "அப்பா, மேல இருக்கறது உள்ள போகுதுப்பா" என்றாள்.

"போகல. செட் ஆகுது."

மேஜையில் அது கரண்டியிலிருந்து தட்டுக்கு இறங்கி, தட்டின் விளிம்புவரை தானாகவே போனது. எல்லோரும் ஒரு வாய் சாப்பிட்டார்கள்.

"வித்தியாசமே தெரியலல்ல?"

"நல்லா இருக்குப்பா" என்றாள் மகள், தண்ணீர் டம்ளரைப் பார்த்து.

"உப்பு சரியா இருக்கு" என்றாள் மனைவி. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொன்ன மிகக் கடுமையான வார்த்தை அதுதான்.

மைத்துனர் முள்கரண்டியால் தட்டை ஒரு சுற்று துழாவினார். "அத்தான், உருளைக்கிழங்கு எங்க?"

"அதுதான் விஷயமே! உருளைக்கிழங்கே இல்ல!"

"அதான் கேட்கறேன். எங்க?"

அவர் காலிஃப்ளவரின் நன்மைகளைச் சொல்லத் தொடங்கினார். மூன்றாவது நன்மையில் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரியைத் திறந்தாள். சோப்புத்தூள் டப்பாவை நகர்த்தி, அதன் பின்னாலிருந்து ஒரு துணிப் பையை இழுத்தாள். உள்ளே உருளைக்கிழங்கு, இரண்டு கிலோ இருக்கும்.

பின்னாலேயே வந்த கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது எவ்வளவு நாளா நடக்குது?"

"நீங்க சமைக்க ஆரம்பிச்சதிலேர்ந்து. இன்னைக்கு ஒரு நாளாவது அவன் கேட்டதைப் போடலாம்னு இருந்தேங்க" என்றாள். குரல் உடைந்தது. சட்டென்று கிழங்கை வேகப்போடத் திரும்பிக்கொண்டாள்.

யாரும் அவரை நகரச் சொல்லவில்லை. அவராகவே நகர்ந்து, மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தம்பி தோலுரித்தான், அக்கா மசித்தாள், மகள் வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போட்டாள். மூவரும் ஏதோ பழைய கதை பேசிச் சிரித்தார்கள். அவ்வளவு சிரிப்பு அந்தச் சமையலறையில் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார், வந்த விடை பிடிக்கவில்லை. பாத்திரத்தில் மீந்திருந்த காலிஃப்ளவருக்கு மேலேயே உருளை மசியலைப் பரப்பி, மறுபடி அடுப்பில் வைத்தார்கள். வழக்கமான ஷெப்பர்ட்ஸ் பையைவிட ஒன்றரை மடங்கு கனத்தில் அது பொன்னிறமாக வெளியே வந்தது.

எல்லோருக்கும் வைத்தபிறகு, மைத்துனரே ஒரு தட்டை நிரப்பி ஸ்டூலுக்குக் கொண்டுபோய், "வாங்க அத்தான், ஆறிடும்" என்றார்.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முறுகலையும் கரண்டியால் சுரண்டி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, கண் கலங்க, எல்லோரையும் பார்த்தார்.

"பாத்தீங்களா? காலிஃப்ளவர் சேர்த்தா என்ன ருசி!"

மூவரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். விருந்தாளி கப்பலுக்குத் திரும்பப்போகிற நேரத்தில் எதற்கு வம்பு?

ஆக, இந்த இனத்தைத் திருத்த முடியாது. தெரிந்துகொண்டு ஒதுங்கலாம், அவ்வளவுதான். நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'பாவம், அந்த மனுஷன் துணியில் மட்டும் பிழிந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்' என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னதா? சொன்னதென்றால், தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டார் உங்களைத் தனியாக விட்டுவிட்டு வெளியே எங்கும் போகாமல் இருக்கட்டும்.