ஜில்லு டிரைவரும் காய்ந்த தலைகளும்

சேலத்து வெயிலோடு நேருக்கு நேர் சண்டை போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மற்றவர்கள் வெயிலைக் கண்டால் நிழலில் ஒதுங்குவார்கள். எங்கள் ஜில்லு டிரைவரோ நடுத்தெருவில் நின்று சூரியனை அண்ணாந்து பார்த்து, "ஏண்டா, உனக்கு வேற ஊரே கெடைக்கலியா?" என்று கேட்பார்.

"இது ஊருங்களா? பாலைவனமுங்க. ஒட்டகம் ஒண்ணுதான் இன்னும் வந்து சேரல" என்பார். "மலைக்கு வாங்க, ஜில்லுனு இருக்குமுங்க" என்று சொல்லிச் சொல்லியே பஸ்ஸுக்கு ஆள் சேர்த்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸுக்கு மட்டும் தெரியும்.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு இருக்கும். அதில் கரியைப் போட்டு, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதி நெருப்பை வளர்த்தால், அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். ஓடும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

எங்களைப் போன்ற நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்று எங்கள் குகைத் தெருவில் ஒரு தறியும் சத்தம் போடாது. விடிந்ததும் ஜில்லுவின் பஸ் தெருமுனையில் வந்து இருமும். கட்டுச்சோற்று மூட்டைகளோடு ஏறுவோம். கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலைப்பாதை தொடங்கியதும், "எறங்குங்க சாமி, வண்டிக்கு மூச்சு வாங்குது" என்பார்.

"அப்ப நாங்க எதுக்குங்க பஸ்ஸுல வந்தோம்?"

"திரும்பி வாரப்ப சொகமா இருக்குமுல்லீங்க!"

நடந்தும் தள்ளியும் ஏழெட்டு வளைவு ஏறினால் ரோட்டோரத்திலேயே ஓர் அருவி. பெயர் கிடையாது. மலையில் மழை பெய்தால் மட்டும் அதற்கு உயிர் உண்டு. அங்கே ஜில்லுவுக்கு ஒரே ஒரு சட்டம். தலை நனையாதவர்களுக்குத் திரும்பும் பஸ்ஸில் இடமில்லை. வாசலில் நின்று ஒவ்வொரு தலையையும் தொட்டுப் பார்ப்பார். அந்த ஈரக் கையைத் தன் பிடரியில் தடவிக்கொண்டு, "ஏறுங்க" என்பார். ஒருமுறை நூல் வியாபாரி ஒருவர், குளிருக்குப் பயந்து கூஜாத் தண்ணீரால் முன்மயிரை நனைத்துக்கொண்டு வந்தார். ஜில்லு தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தார். "இது சேலத்துத் தண்ணி. வெதுவெதுங்குது. போயி நனைஞ்சிட்டு வாங்க." வியாபாரி போய் நனைந்துவிட்டுத்தான் வந்தார்.

மற்றவர்கள் குளிக்கும்போது அவர் அடுப்போடு நிற்பார். கிளீனர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். நெருப்பு அணைந்தால் மறுபடி மூட்ட வெகு நேரம் ஆகும். ஒருமுறை, எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் என்ற மதிப்பில், சக்கரத்தை என்னிடம் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தவருக்கு, கரி எரிவது எப்படி என்று விஞ்ஞான முறைப்படி விளக்கினேன். விளக்கம் முடிவதற்குள் நெருப்பு முடிந்துவிட்டது. "சாமி, நீங்க படிங்க. நெருப்பு நமக்கு ஒத்துவராது" என்று சக்கரத்தை வாங்கிக்கொண்டார். பிறகு யாரையும் அவர் நம்பவில்லை.

ஓர் ஆவணி அமாவாசைக்கு என் அம்மா வந்தாள். கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வந்து பார்த்தவளே தவிர, மேலிருந்து தண்ணீர் விழுந்து பார்த்ததில்லை. ஒரு மாதம் மலைக்காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். "பாத்துட்டு வா. தலையில ஒரு சொட்டுப் பட்டுச்சு, மறுபடியும் படுத்துக்குவே. பொழுது சாய ஊட்ல இருக்கோணும்" என்று அப்பா சொல்லி அனுப்பினார். காய்ச்சல் திரும்பினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அருவியைக் கண்டதும் அம்மா முக்காட்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். "இத்தனை தண்ணியா! மேல யாரு சாமி எறைக்கறாங்க?" என்றாள்.

எனக்கு அதை ரசிக்க மனம் ஓடவில்லை. ஜில்லுவின் சட்டமே மனதில் நின்றது. பொழுது இறங்கியது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஜில்லு அம்மாவின் தலையைப் பார்த்தார்.

"காஞ்சிருக்குதுங்களே, அம்மணி."

"காய்ச்சல்லேருந்து எந்திரிச்சவங்க. நனையக்கூடாதுங்க" என்றேன். அவருக்கும் முகம் வாடிவிட்டது. ஆனால் முப்பது ஈரத்தலைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நூல் வியாபாரி, "சட்டம் எனக்கு மட்டுந்தானுங்களா?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

அம்மா டிரைவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, உங்க தலையுந்தான் காஞ்சிருக்குது. அப்ப நீங்களும் வரமாட்டீங்களா? வண்டிய யாரு ஓட்டுவாங்க?"

பஸ் முழுவதும் சிரித்தது. ஜில்லு சிரிக்கவில்லை. "கரி அடுப்பு மாட்டுன நாள்லேருந்து நான் தண்ணியில நின்னதில்லீங்க அம்மணி. நெருப்ப விட்டுப்போட்டு எப்படிங்க போறது?"

"சாயப்பட்டறை அடுப்ப இருவது வருசமா அணையாம பாத்தவ நானு. தள்ளுங்க. போயி நனைஞ்சிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அப்புறம் காக்கிச் சட்டையைக் கழற்றாமலே ஓடினார். நாற்பத்தைந்து வயது மனிதர், மணியடித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஓடினார். அருவிக்குள்ளிருந்து, "ஐயோ! ஐயோ! ஜில்லுனு இருக்குதுங்கோ!" என்ற கூச்சல் மட்டும் கேட்டது. அத்தனை நாள் அவர் சொன்னதெல்லாம் வெறும் பழைய ஞாபகம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர் திரும்பி வந்தபோது அடுப்பு திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. சக்கரம் சுற்றிய அனலில் அம்மாவின் நெற்றியிலும் வகிட்டிலும் வேர்வை வழிந்தது. ஜில்லு அம்மாவின் தலைக்கு மேல் கையை நீட்டி, தொடாமலே இழுத்துக்கொண்டார்.

"நல்லா நனைஞ்சிருக்குதுங்க. ஏறுங்க அம்மணி" என்றார், நூல் வியாபாரிக்குக் கேட்கும்படி.

பொழுது சாயுமுன் வீடு சேர்ந்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை.

வழியெல்லாம் நான் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் காதிலிருந்தும் காலரிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. அவர் ஒரு துளியைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கென்று கொண்டுவந்த காய்ந்த துண்டு ஒன்று என் தோளில் இருந்தது. ஊர் வரும்வரை நான் அதை நீட்டவே இல்லை.