கிரைண்டர் தடாவுக்கு வராத விவரம்

தடா ஹைவேயில் இட்லிக்குப் பேர்போன டிபன் கடையின் முதலாளியும், என் தங்கை ரத்னம்மாவைக் கட்டிக்கொண்டதால் ஊரில் மரியாதை கூடியவருமான மாப்பிள்ளை கங்கையா அவர்களுக்கு, புத்தலப்பட்டிலிருந்து உங்கள் மச்சான் உமாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் வீட்டுக்காரி கமலம்மாவும், உங்கள் மகள் பிரியங்காவும், மாடு இரண்டும் சௌக்கியம். அங்கு நீங்களும் ரத்னம்மாவும் காலை வியாபாரமும் மாலை வியாபாரமும் சௌக்கியம் என்று நம்புகிறேன். ரொம்ப நாளாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். இதில் ஒரு வசதி, பேசிக்கொண்டிருக்கும்போதே உங்களால் கட் பண்ண முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். திருப்பதியில் எனக்குத் தெரிந்த கடையில் கிரைண்டர் வாங்கி அனுப்பச் சொல்லி நீங்கள் என் கணக்கில் போட்ட பணம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் என் கணக்கில் இல்லை. உங்கள் மகள் உலகப் போட்டிக்குப் போவதற்கான இடத்தைப் பிடிக்க அதைக் கட்டிவிட்டேன். கட்டிய பணம் யார் கேட்டாலும் திரும்பாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள், ஆகையால் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. மீதியையும் பொறுமையாகப் படிக்கவும்.

சித்தூரில் அவள் பி.டி. டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தைக் கொரோனாவில் மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள் அல்லவா, வந்தவள் மற்ற பெண்களைப் போல டிவி பார்க்காமல், முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற போட்டிக்குத் தயாராக வேண்டும் என்றாள். நான் படித்தது ஏழாவதுதான் என்றாலும் எட்டாவது வாத்தியாருக்கே சந்தேகம் தீர்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே கோச் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். நீச்சல் குளம் எல்லாம் பூட்டிக் கிடந்தது. நம் கிணற்றில் இறங்கினால் நாலு கை போடுவதற்குள் எதிர்ச் சுவர் வந்துவிடுகிறது, வட்டமாகச் சுற்றினால் தலை சுற்றுகிறது. நான் யோசித்து, அவள் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை மோட்டார் ரூம் தூணில் கட்டினேன். நின்ற இடத்திலேயே காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும்வரை நீந்தினாள். அவள் இழுத்த இழுப்பில் தூண் ஒரு ஜாண் நகர்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் வந்து பார்க்கலாம், இப்போது பழைய இடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

சைக்கிள்தான் பெரிய வில்லங்கம். ஊரடங்கில் சித்தூர்–திருப்பதி ரோட்டில் ஈ காக்கா இல்லை, ஓட்டுவதற்கு அதைவிட நல்ல ரோடு எந்த நாட்டிலும் கிடையாது, ஆனால் செக்போஸ்டில் போலீஸ். முதல் நாளே, "ஏமம்மா, எக்கடிகி?" என்று, எங்கே போகிறாய் எனத் தெலுங்கில் கேட்டு, கான்ஸ்டபிள் மறித்தார். "டிரெய்னிங் சார்" என்று இவள் உண்மையைச் சொல்ல, "இண்ட்லோ சேஸ்கோ போ!" என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் நான் அந்த ரேஸ் சைக்கிளின் பின்னால் கம்பி வளைத்து இரண்டு பால் கேனைக் கட்டிவிட்டேன். பால் அத்தியாவசியம், யாரும் மறிக்க முடியாது.

"இன்னா மாமா, கேன் காலியா கீது? தொறந்து பாத்தான்னா மானம் பூடும்!"

"அப்ப நெஜமாவே பால் ஊத்திக்கினு போ!"

ஊற்றிக்கொண்டு போனாள். அதே கான்ஸ்டபிள் தன் வீட்டுக்கே அரை லிட்டர் கேட்டுவிட்டார். அப்புறம் ஒரு வீடு, அப்புறம் ஒரு தெரு. உங்கள் மகள் போகிற வேகத்துக்குக் கேனில் பால் பாதி, வெண்ணெய் பாதியாக வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு நாள் லீவு போடலாமென்றால் விடியும் முன்பே போன், "பாப்பா வரலியா, கொழந்தைக்குப் பால் இல்லயே" என்று. இந்த மாதிரி நாள் தவறாமல் விரட்டுகிற கோச் பட்டணத்திலும் கிடைக்கமாட்டான்.

அவள் ஓடும்போது நான் பைக்கில் பக்கத்தில் போய் நேரம் பார்ப்பேன். ஒருநாள் நாய் குறுக்கே வந்து நான் விழுந்து கை பிசகி, புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். நான் விழுந்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் டிசிப்ளின். கமலம்மா மட்டும், "அவ ஓடறா, நீ வுழற, இதுக்குப் பேரு கோச்சா?" என்று கேட்டுக்கொண்டே எனக்குச் சோறு ஊட்டினாள்.

இப்படியிருக்க, இரண்டாம் அலை அடங்கி, மேற்குக் கடற்கரையில் தகுதிப் போட்டி என்று அறிவித்தார்கள். வைக்கிறார்கள், தள்ளுகிறார்கள், மறுபடி வைக்கிறார்கள். நாங்கள் ரயில் டிக்கெட் எடுப்பதும் கேன்சல் செய்வதுமாக ரேணிகுண்டா ஸ்டேஷன் கவுண்டரில் என்னைக் கண்டாலே பேனாவை எடுத்துவிடுவார்கள். கடைசியில் போட்டி நடந்தது. கடலில் இரண்டு கிலோமீட்டர், சைக்கிளில் தொண்ணூறு, ஓட்டம் இருபத்தொன்று. அலை ஆள் உயரம். திமிங்கிலத்தை நானே பார்த்தேன். உங்கள் மகள் அவள் வயதுப் பெண்களில் முதலாவதாக வந்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் ஒரு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள். இந்த விளையாட்டின் வழக்கம் என்னவென்றால், உலகப் போட்டிக்கு அந்த வயதுப் பிரிவுக்கு ஒரே இடம். கூப்பிட்டவர் அங்கேயே எழுந்து "சரி" என்று சொல்லி அங்கேயே பணம் கட்டவேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இவளுக்கு முன்னால் நாலு பெண்களைக் கூப்பிட்டார்கள். நாலு பேரும் எழுந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். விமானம், விசா, க்வாரன்டைன் என்ற வார்த்தைகள் என் காதில் விழுந்தன. "பிரியங்கா இருக்கும்போது நாங்கள் எதற்கு" என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று புரிந்துகொண்டேன். அப்புறம் இவள் பெயர்.

"வா மாமா, போலாம். நம்மகிட்ட ஏது அவ்ளோ துட்டு?"

"எங்கிட்ட கீது."

"அது நைனாவோட கிரைண்டர் துட்டு!"

"உங்க நைனா எனுக்கு மாப்ள. நான் பேசிக்கிறேன். குந்து!"

மைக் பிடித்தவர் இரண்டாவது தடவை கூப்பிட்டார். அடுத்தாற்போல் ஆறாவது பெண் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்கமுடியவில்லை. கட்டுப் போட்ட கையையே தூக்கிவிட்டேன். ஹால் முழுக்கக் கைதட்டல். மைக் பிடித்தவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

ஆகவே மாப்பிள்ளை, நான் கேட்பது இவ்வளவுதான். அவளைக் கூப்பிட்டு "வேண்டாம், திரும்பி வா" என்று சொல்லிவிடாதீர்கள். டிக்கெட்டுக்கும் மற்றதுக்கும் பால் வரவு இருக்கிறது, மாங்கூழ் ஃபாக்டரி முதலாளி என் வார்த்தையைத் தட்டமாட்டார், அங்கே வாசல் கேட்டுக்கும் சேர்த்து நான்தான் சூப்பர்வைசர். உங்களிடமிருந்து சரி என்கிற ஒரு வார்த்தை மட்டும் வரவேண்டும். அதுவரை கிரைண்டர் இல்லாமல் கல்லில் ஆட்டுவது சிரமம்தான், ஆனால் கல்லில் ஆட்டிய மாவுக்கு ருசி அதிகம் என்று போர்டு எழுதி மாட்டினால் இட்லிக்கு ஒரு ரூபாய் ஏற்றலாம்.

உங்கள் அடுப்பு அணையாமலும், கடை வாசலில் லாரிகள் நின்றபடியும் இருக்க ஏழுமலையான் அருள்வானாக. தங்கைக்கு என் ஆசி. உங்களுக்கு வயதில் மூத்தவன் என்கிற முறையில் அரை ஆசி, பெண் கொடுத்தவன் என்கிற முறையில் அரை நமஸ்காரம்.

இப்படிக்கு,
உமாபதி,
கோச்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் பிரியங்காவின் போனுக்குச் செய்தி வந்தது. உலகப் போட்டி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டதாம். விருப்பமிருந்தால் இடத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் கட்டிய பணம் முழுசாகத் திரும்பி வருமாம். ஆகையால் மேலே திரும்பாது என்று எழுதியதை அடித்துவிடவும். "துட்டத் திருப்பி வாங்கி கிரைண்டர் அனுப்சுடு மாமா. கல்லுல ஆட்டி ஆட்டி நைனாக்குத் தோளு தூக்க முடிலன்னு அம்மா சொல்லுது" என்றாள். நான் பசையை மூடி வைத்தேன். அப்புறம் இந்தக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "திமிங்கிலமா? நெஜத்த எழுதிட்டு அனுப்பு" என்று திருப்பிக் கொடுத்தாள். எழுதுகிறேன். அவள் வந்தது ஐந்தாவதாக. முன்னால் வந்த நாலு பேரும் இந்தக் காலத்தில் எதை நம்பிக் கட்டுவது என்றுதான் உட்கார்ந்தார்கள். மைக் பிடித்தவர் அழவில்லை, ரசீது கொடுத்தார். ரயிலில் திரும்பி வரும்போது ரேணிகுண்டா வரும்வரை பிரியங்கா கண்ணை மூடவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பித் தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வந்தாள். இது மட்டும் நான் சேர்த்தது இல்லை. இடமா கிரைண்டரா என்பதை ஞாயிறுக்குள் நீங்கள் சொல்லுங்கள். என் போனை எடுக்கவேண்டாம். அவளுக்கே போடுங்கள்.